கல் சிவந்த ஆடி

அதத்தான் சொல்றனுங்க அம்மணி, அந்த மாடி ஊட்டுப் பொண்ணு நேரா என்னைக் கேக்கலீங்க. வாட்ச்மேனைக் கேட்டிருக்கறா. "அந்தப் பாட்டி கல்லறை மேல போர்வை போர்த்தி உடறாங்களே, ஏதாச்சும் மந்திரம் பண்றாங்களா"ன்னு. அவன் வந்து என்றகிட்டச் சொல்றான், ரெண்டடி தள்ளி நின்னுட்டு. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போச்சுங்க. மந்திரம் தெரிஞ்சிருந்தா மொதல்ல அந்தச் சைட்டுக்காரனை ஆட்டுக்குட்டியா மாத்திக் கட்டியிருக்க மாட்டனா?

இப்படி வந்து உக்காருங்க. அந்தப் பானைப் பக்கம் போகாதீங்க, சுண்ணாம்புக் கல்லுல இப்பத்தான் தண்ணி ஊத்துனேன், கொதிச்சுத் தெறிக்கும். அது அடங்கற மட்டும் எனக்கும் வேலையில்லை, பேசலாம்.

சைட்டுக்காரன் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியுமில்லீங்க. எங்க பெரியப்பா பேரனுக தென்னந்தோப்பை, ஊட்டுமனை போட்டு விக்கற அவனுக்கு வித்துப்போட்டானுக. நடுவால இந்த அஞ்சு சென்ட்டுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நிக்குது. அதுல எனக்கும் பங்கு இருக்கறதால என்ற கைரேகை இல்லாம நவுராது. போன மாசம் சுவத்துல ஒரு பக்கத்தை இடிச்சுட்டாங்க. கேட்டா, லாரி ரிவர்ஸ் எடுத்துதுங்கறான். சரி, லாரி ரிவர்ஸ் எடுத்தா சுவரு இடியும். எங்க பாட்டன் தலைமாட்டுச் சிலுவைய ஒடிச்சுப்போட்டு, அவரு கல்லு மேல பீர் பாட்டிலை வரிசையா அடுக்கி வெக்கறது எந்த லாரிங்க?

நேத்து வந்து எவ்வளவு பணிவாப் பேசறான். "ஆத்தா, யாருமே வராத எடந்தானுங்களே. பொதரு மண்டிக் கெடக்குது. பாம்பு வருதுன்னு சைட்டு வாங்கறவங்க பயப்படறாங்க. எலும்பையெல்லாம் மரியாதையா எடுத்து டவுன் கல்லறையில வெச்சுக் குடுத்தர்றனுங்க." இன்னைக்குக் காலையில அளக்க ஆளு வருதாம். அளந்து முடிச்சதும் என்ற கட்டைவெரலு வேணுமாம்.

யாருமே வராத எடமாம். அந்த எடத்துக்கு வந்ததுக்காக அடி வாங்க நின்ன மனுசனை நான் பாத்திருக்கறேன் அம்மணி. கேளுங்க.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் தோட்டம் கிணத்துக்கடவுக்கு மேற்கே. ஆடி வந்தால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும். மண்ணை வாரிக் கண்ணில் போடும், காயப்போட்ட துணியை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். தென்னைகள் அப்போது என் இடுப்பளவுதான். அவற்றின் நடுவே, கற்றாழை வேலிக்குள் கல்லறைத் தோட்டம்.

எங்கள் பாட்டன் கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்தபோது, ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "சரி, நான் பாடுபட்ட மண்ணிலேயே படுத்துக்கொள்கிறேன்" என்று தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்து வைத்தவர் அவர். அந்தத் தலைமாட்டில் இருந்த சிலுவையைத்தான் போன மாதம் ஒடித்திருக்கிறார்கள்.

அந்த வரிசையில் கடைசி, என் அம்மாவின் கல். அவள் மாசி மாதத்தில் காய்ச்சலில் போனாள். கல் செதுக்கியவர் கோயில் வேலை பார்க்கிறவர். அவரிடம் புறா செதுக்கச் சொன்னார்களாம். யானை கேட்டிருந்தால் உயிரோடு கொண்டுவந்திருப்பார், யாளி கேட்டால் இன்னும் நன்றாக வந்திருக்கும். புறாவை அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார்? கல்லில் வந்து இறங்கியது ஒரு பெட்டைக் கோழி. குண்டு வயிறு, தூக்கிய வால், தலையில் சின்னக் கொண்டை வேறு. வீட்டில் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது சரியாகவே பட்டது. அம்மா கோழி வளர்த்தவள், அதனால் கோழி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு எழுத்து அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கோழி இருந்தால் அம்மா கல். அவ்வளவுதான்.

அம்மாவின் பிறந்த வீடு சென்னிமலை. தறி வீடு, போர்வை நெய்கிறவர்கள். அவள் எங்கள் அய்யனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியதும், "அவ எங்களுக்கு இல்ல" என்று அங்கே தலை முழுகிவிட்டார்களாம். அவள் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு போர்வை. கருஞ்சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்டது, ஓரத்தில் இரண்டு பச்சைக் கோடு. ஒரு பக்க ஓரம் இழுத்துக்கொண்டு கோணலாக இருக்கும். அவள் போன பிறகு அதைத்தான் நான் போர்த்திப் படுப்பேன். முகத்தை மூடிக்கொண்டால் அவள் தலையெண்ணெய் வாசம் வரும். ஒரு நாள் அப்பத்தா அதை எடுத்துச் சவக்காரம் போட்டுத் துவைத்துவிட்டாள். ஒரே துவையலில் வாசம் போய்விட்டது. நான் அழுததற்கு, துவைத்ததற்கெல்லாம் அழுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

தலைவலி வருதுங்களா அம்மணி, சுண்ணாம்பு ஆவி? காத்துக்கு இந்தப் பக்கமாத்தான் வரும். பானையச் சித்த நவுத்தி வெக்கறேன். ம்.

அந்த ஆடியில் ஒரு நாள் காலை, மாட்டுக்காரர் ஓடி வந்து, "செத்துப்போன அம்மிணி கல்லு மேல யாரோ என்னமோ வெச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் ஓடினோம். கோழி தெரியாத அளவுக்குக் கல் முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம். மல்லிகைச் சரம். கண்ணாடி வளையல். உடைத்த தேங்காய் இரண்டு பக்கமும் கவிழ்ந்து கிடந்தது. கால்மாட்டுப் பக்கம் ஒரு புதுப் போர்வை, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்து, ஆளுக்குப் போர்த்துகிற மாதிரியே போர்த்தியிருந்தது.

பெரியப்பா பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். "செய்வினை" என்றார்.

அவருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அப்போது வரப்புத் தகராறு. வேறு யார் செய்வார்கள் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

நான் போர்வையைப் பார்த்தேன். கருஞ்சிவப்பும் வெள்ளையும் கட்டம், ஓரத்தில் இரண்டு பச்சைக் கோடு. "பெரியப்பா, இது என்ற போர்வையாட்டவே இருக்குதுங்க" என்றேன்.

"குறுக்க பேசாத, தள்ளிப் போ" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார். திரும்பவும் சொன்னேன். இந்த முறை அறை விழுந்தது. அதற்குமேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. மாதா கோயில் உபதேசியார் வந்து தீர்த்தம் தெளித்தார். போர்வையை மூங்கில் குச்சியால் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மட்டையோடு போட்டுக் கொளுத்தினார்கள்.

கல்லில் மஞ்சள் போகவில்லை. மணல் போட்டுத் தேய்த்தார்கள், கருங்கல்லின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டது. "மேல சுண்ணாம்பு அடிச்சு உடுங்க, தெரியாமப் போயிரும்" என்றார் பெரியப்பா. மாட்டுக்காரர் மட்டையை நசுக்கிச் சுண்ணாம்பில் தோய்த்து ஓர் இழுப்பு இழுத்தார்.

கல் சிவந்தது.

வெள்ளை அடித்த இடத்தில் வெள்ளை இல்லை, ரத்தச் சிவப்பு. அடுத்த இழுப்புக்கு இன்னும் சிவப்பு. கோழியின் கழுத்திலிருந்து வழிந்து இறங்கியது. மாட்டுக்காரர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "கல்லு ரத்தம் கக்குது" என்றார் பெரியப்பா.

நீங்க சிரிக்கறீங்க அம்மணி. சிரிங்க. நாம ஆரத்தி கரைச்ச கை. அன்னைக்கு அங்க நின்ன பெரியவங்க அத்தனை பேரும் ஆம்பளைக. எங்க அப்பத்தாளைத் தவிர.

அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அன்றைக்கே கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பெயர்த்தார்கள். தோட்டத்துக்கு வெளியே, வண்டிப்பாதைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். விழுந்ததில் கல் இரண்டாக உடைந்தது. கோழிக்குத் தலை ஒரு துண்டில், வால் ஒரு துண்டில். அய்யன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை.

அப்புறம் அம்மா இருந்த இடத்தில் வெறும் மண். இரண்டு மழையில் அது தரையோடு தரையாகிவிடும் என்று ஏழு வயதுக்கும் தெரியும். எழுத்துத் தெரிந்தவர்களுக்கு எங்காவது எழுதி வைக்கலாம். எனக்கு அந்தக் கோழியை விட்டால் அம்மாவுக்கு வேறு அடையாளம் இல்லை.

அந்த மாதமே எனக்கு அம்மைக்கட்டு, பொன்னுக்குவீங்கி என்பார்களே, அது வந்தது. இரண்டு கன்னமும் புடைத்துக்கொண்டு, குரங்கு கடலையை அடக்கியிருக்கிற மாதிரி இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாட்டு வண்டி பூட்டிக் கோயிலுக்குப் போனார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நான் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

அங்கே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். ஒல்லி. தோளில் துணிப்பை. அம்மா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இங்க ஒரு கல்லு இருந்துதே?"

"கோழிக் கல்லுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பியவர், என் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வையைத்தான் பார்த்தார். கிட்டே வந்து அதன் ஓரத்தை விரலால் பிடித்தார். "இது ஏது உனக்கு?"

"எங்கம்மாளுதுங்க."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஓரத்தை விடாமலே, "நான் மொதல் மொதல்ல தறியில உக்காந்து நெஞ்சது இது" என்றார். "ஓரம் கோணிக்கிச்சு பாரு. எங்கய்யன் வெளிய குடுக்க முடியாதுன்னு வீசிப்போட்டாரு. உங்கம்மாதான், என்ற தம்பி நெஞ்சது எனக்கு வேணும்னு எடுத்துக்கிட்டா. நான் உன்ற மாமன் கண்ணு."

மூக்கு அம்மாவின் மூக்கு. அதற்குமேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அவருக்குச் சாவுச் செய்தியே போகவில்லை. போர்வை வாங்க வந்த வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான், சித்திரையில் தெரிந்ததாம். "சொல்லி உட்டிருந்தா ஓடியாந்திருப்பேன். பொறந்த ஊட்டுக் கோடி போர்த்தாமயே அக்காளை மண்ணுல வெச்சுட்டாங்களே" என்றார். நம் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் எடுக்க மாட்டார்களே. அதற்காகத்தான் அன்றைக்கு விடியும் முன்னே வந்து, யார் கண்ணிலும் படாமல் கோடி போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். "சேலை நெய்ய நமக்குத் தெரியாது. கடையில வாங்கிப் போடறதுக்கு மனசு வரலை. தெரிஞ்சதை நெஞ்சு கொண்டாந்தேன். அது எங்க கண்ணு?"

"கொளுத்திட்டாங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "கல்லைக் காட்டு" என்றார்.

நான் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிக் கடப்பாரையையும் வடக்கயிற்றையும் எடுத்து வந்தேன். கன்னம் விண்விண் என்று வலித்தது. அவர் ஒவ்வொரு துண்டாகக் கயிறு கட்டி இழுத்தார். வால் துண்டு முதலில் வந்து சேர்ந்தது. தலைத் துண்டைக் கற்றாழை வேலி வரை கொண்டுவந்தபோது வண்டி மணிச் சத்தம்.

பெரியப்பா சாட்டையோடு இறங்கினார். "ஏன்டா, பட்டப்பகல்லயே செய்வினை வெக்க வந்துட்டியா?"

மாமா கயிற்றை விடவில்லை. "அடிக்கறதுன்னா அடிச்சுக்குங்கண்ணா. கல்லை வெச்சுப்போட்டு வந்து வாங்கிக்கறேன்."

"ரத்தம் கக்குன கல்லு உள்ள வரக்கூடாது. உடு கயித்த."

நான் போய்த் தலைத் துண்டின் மேல் படுத்துக்கொண்டேன். கோழியின் கொண்டை வயிற்றில் குத்தியது. "என்னையும் சேத்துத் தூக்கி வீசுங்க" என்றேன்.

பெரியப்பா குனிந்தார். "தொட்டா ஒட்டிக்குமுங்க பெரியப்பா" என்றேன். குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். அவருக்கு அந்த வயதுவரை அம்மைக்கட்டு வந்ததில்லை. பெரிய ஆம்பளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு வண்டியில் உட்கார்ந்திருந்த அப்பத்தா தெரிந்தாள். "அப்பத்தா" என்று படுத்தபடியே கூப்பிட்டேன். "அத்தை கல்யாணத்துக்கு நீங்க ஆரத்தி கரைச்சீங்கல்ல. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் இப்படித்தான செவந்துது. அப்ப அதும் செய்வினையுங்களா?"

மாடு ஒன்று தலையை ஆட்டி மணி குலுங்கியது. பெரியப்பா தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை கல்யாணத்துக்கும், அத்தனை பிரசவத்துக்கும் ஆரத்தி கரைத்த கை அது.

அப்பத்தா மெதுவாக இறங்கினாள். "செய்வினையுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பொறந்த ஊட்டுக்காரன் கோடி போர்த்த வந்திருக்கறான்." பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "நிக்க வெச்சே பேசறீங்க. அந்தப் பையனுக்குத் தண்ணி மோந்துட்டு வாங்க" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் அய்யன், அண்ணன் பேச்சைத் தாண்டாத மனிதர், கோயிலுக்குக் கட்டிப்போன வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கல்லின் மறுபக்கத்தைப் பிடித்தார். "எந்திரி சாமி" என்றார் என்னிடம். எழுந்தேன். மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்து தூக்கினார்கள். இரண்டு துண்டும் பொருந்தி உட்கார்ந்தன. பிற்பாடு சிமெண்டு வைத்துப் பூசினார்கள். கோழிக்குக் கழுத்தில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

போர்த்தத் துணி இல்லை. புதுசு எரிந்துபோயிற்று. நான் என் மேலிருந்த போர்வையை எடுத்துக் கொடுத்தேன். மாமா வேண்டாம் என்றார். "அம்மாளுக்குத்தான நெஞ்சீங்க" என்றேன். அந்தக் கோணல் ஓரத்தைக் கால்மாட்டில் விட்டுப் போர்த்தினார். "அடுத்த ஆடிக்கு ரெண்டு கொண்டாறேன், ஒண்ணு உனக்கு" என்றார். கொண்டுவந்தார். கண் தெரியாமல் போகும்வரை ஒவ்வோர் ஆடிக்கும் இரண்டு கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு சென்னிமலைக்குப் போய் நானே வாங்கி வருகிறேன்.

அப்பத்தாளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இது எனக்கும் அவள் வயது ஆன பிறகுதான் உறைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும்தான் என்று அவள் வாயைத் திறந்திருந்தால், மஞ்சள் வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்கடுத்து, அவர்கள் ஏன் திருடன் மாதிரி வரவேண்டும் என்று. அதற்கும் அடுத்து, சாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்றது யார் என்று. அது அவளிடமே போய் நின்றிருக்கும். அதனால் மருமகள் கல் பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் திட்டவில்லை. அவள் கல்லுக்கும் நான்தான் வெள்ளை அடிக்கிறேன். கொஞ்சம் தண்ணீர் அதிகம் கலந்து அடிப்பேன், அவ்வளவுதான்.

கல்லறையை உடைத்தால் யாரோ வெளியாள், குடிகாரன், களவாணி என்கிறார்கள். நான் முதல் முதலில் பார்த்த உடைப்பு எங்கள் வீட்டு ஆட்கள் கையால். இப்போது நடப்பதும் அதேதான். பேரன்கள் விற்றதால்தானே லாரி வந்தது. என் மகன் பீளமேட்டில் இருக்கிறான், கல்லறைத் திருநாளுக்கு வீடியோ கால் போட்டு, "அம்மா, மெழுகுவத்தியக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்பான். அவனும், "எதுக்கும்மா வம்பு, கைரேகை வெச்சுரு" என்றுதான் போன வாரம் சொன்னான். "உனக்குன்னு அங்க ஒரு எடம் வெச்சிருக்கறேன்டா, வேண்டாங்கறியா" என்றேன். போனை வைத்துவிட்டான்.

என்ற எடத்தையும் பாத்து வெச்சாச்சுங்க அம்மணி. அம்மாளுக்குப் பக்கத்துல. நல்ல நெழலு. போன வாரம் பொழுதோட அங்க உக்காந்து கடலை உரிச்சுத் தின்னேன், என்ன சொகமுங்கறீங்க. செத்தப்புறம் அனுபவிக்கறதுக்கு இப்பவே ஒரு ஒத்திகை. அதைப் போயி அளக்க வர்றானாம்.

அட, பேச்சுல பானைய மறந்துபோட்டேன். கொதி அடங்கிப் போச்சு பாருங்க. வடிகட்டாம உட்டா கட்டி தட்டிக்கும். அந்தப் பழைய சேலைத் துணிய எடுங்க. ஆமா, அதுதான். ரெண்டு முனையையும் இழுத்துப் புடிங்க, ஊத்தறேன்.

கை ஏன் மஞ்சளா இருக்குதுங்கறீங்களா? விடியக்காலைலயே போயி எல்லாக் கல்லுக்கும் மஞ்சள் பூசிப்போட்டு வந்தேனுங்க. பாட்டன் கல்லு, அப்பத்தா கல்லு, ஒண்ணு பாக்கியில்லாம. காஞ்சிருக்கும் இந்நேரம். மேல இதை ஒரு இழுப்பு இழுக்கறதுதான் பாக்கி. டேப்பு புடிக்கற பசங்க வாசல்ல வர்றப்பச் செரியா இழுக்கோணும்.

வண்டிச் சத்தமாட்ட இருக்குது. அந்த வாளிய இப்படித் தாங்க, நான் முன்னால போறேன், நீங்க மட்டைய எடுத்துட்டு வாங்க. சைட்டுக்காரன் கட்டைவெரலைக் கேட்டான்னா, அதுல மஞ்சளு காயலையாமான்னு சொல்லிப்போடுங்க.